எல்லையோரப் பெரிய மரத்தைப் பக்கத்து வீட்டார் வெட்டப் போகிறார்களா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நான்கு வழிகள்

பக்கத்து மனைக்காரர் எல்லையோரம் நிற்கும் பெரிய மரத்தை வெட்டப் போகிறார் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "தடுக்க முடியுமா?" என்றுதான். அந்தக் கேள்விக்குள் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. மரம் விழும்போது என் கூரை உடையுமா? மரம் போன பின் என் சுவரும் மண்ணும் நிற்குமா? இத்தனை ஆண்டுகள் அனுபவித்த நிழல் போய்விடுமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அஸ்தம்பட்டியில் முப்பதடி மனையில் வீடு கட்டியிருப்பவருக்குப் பொருந்தும் யோசனை, ஏற்காட்டுச் சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்குக் கெடுதலாகவே முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் நகரில் மரம் அவருடைய பட்டா நிலத்தில் நின்றால், வெட்டவே கூடாது என்று மல்லுக்கு நிற்பதைவிட, எப்படி வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பதில் பேசி வாங்குவதே பலன் தரும். மலையில் அப்படி விட்டுக்கொடுக்கக் கூடாது. அங்கே அனுமதி இருக்கிறதா என்ற கேள்வியில்தான் பேச்சையே தொடங்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

மரம் யாருடையது. அடிமரம் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலக்காரருக்கே மரம் சொந்தம். கிளை உங்கள் மாடிக்கு மேல் படர்ந்திருந்தாலும் வேர் உங்கள் தொட்டிக்கு அடியில் ஓடினாலும் இது மாறாது. அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நின்றால் அது இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது. ஆகவே பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். காம்பவுண்ட் சுவரை எல்லை என்று நம்பிவிட வேண்டாம். பழைய தெருக்களில் சுவர் ஓரடி இப்படியோ அப்படியோ கட்டப்பட்டிருப்பது சாதாரணம். சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு மனுச் செய்து கட்டணம் கட்டி, சர்வேயரை வைத்துக் கல் ஊன்றிக்கொள்வது பின்னால் வரும் எல்லா வழிகளுக்கும் அடித்தளம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். சேலத்தின் பல குடியிருப்புகளில் பெரிய வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் சுவருக்கு வெளியே, சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே நிற்கின்றன. அந்த வீட்டுக்காரரே நட்டு நீர் ஊற்றி வளர்த்திருக்கலாம். ஆனால் அந்த இடம் பெரும்பாலும் பொது இடம். அங்கே நிற்கும் மரத்தை அவர் தம் விருப்பப்படி வெட்ட முடியாது.

சமவெளியா, சரிவா. சமவெளியில் மரம் போனால் நிழல் போகும், சுவரில் விரிசல் வரலாம். சரிவில் மண்ணே போகலாம். இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

மரத்தின் உண்மை நிலை. வெட்ட நினைப்பவர் சொல்லும் காரணம் நியாயமாகவும் இருக்கலாம். அடிமரத்தில் காளான் தட்டுத் தட்டாக முளைத்திருக்கிறதா? சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் பொக்கென்று ஒலிக்கிறதா? ஒரு பக்கம் மண் மேடாகிப் புதிதாக வெடித்திருக்கிறதா? அண்மையில்தான் சாயத் தொடங்கியிருக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும், நல்ல ஆளை வைத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் உள்ளே அழுகியிருந்தால் அதைக் காப்பாற்றும் போராட்டம் உங்கள் கூரைக்கே ஆபத்து.

காலம், பணம், உறவு. ஆள் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் உங்கள் கையில் இருப்பது சில நாட்கள்தான். மரம் வெட்டுவது ஒரு நாள் வேலை. பக்கத்து வீட்டு உறவு பிள்ளைகள் காலம் வரை நீளும். இரண்டையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

| வழி | வெளிப்படைச் செலவு | மறைமுகச் செலவு | ஆகும் காலம் | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| வெட்ட ஒப்புக்கொண்டு நிபந்தனை பேசுவது | மிகக் குறைவு | வெயில், கரையான், சுவர் விரிசல் | ஒரு மாலைப் பேச்சு | நகரில் அவர் பட்டாவில் நிற்கும் மரம் |
| வெட்டாமல் கவாத்து (கிளை கழிப்பது) | கூலியில் பங்கு | சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் | சில நாட்கள் | மரம் நலமாக இருந்து கிளைதான் தொல்லை என்றால் |
| அதிகாரிகளுக்கு மனு | சொற்பம் | உறவில் கசப்பு, அலைச்சல் | நாட்கள் முதல் வாரங்கள் | மலை, பொது இடம், கூடு கட்டியிருக்கும் மரம் |
| சட்டப்பணிகள் ஆணைக்குழு, நீதிமன்றம் | இலவசம் முதல் பெரும் தொகை வரை | ஆண்டுக்கணக்கான இழுபறி | தற்காலிகத் தடை விரைவில், தீர்ப்பு தாமதமாக | எல்லை மரம், மண்ணின் பிடிப்பு போகும் நிலை |

## ஒன்று: ஒப்புக்கொண்டு நிபந்தனை பேசுவது

தமிழ்நாட்டின் சமவெளியில் தனியார் பட்டா நிலத்து வேம்பையோ மாமரத்தையோ வெட்டுவதைத் தடுக்க, டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் உள்ளதைப் போன்ற பொது மரப் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. சந்தனம் போன்ற சில மரங்களுக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. நிழலுக்கும் உரிமை கோர முடியாது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்தையும் காற்றையும் கட்டடத்துக்குரிய உரிமையாக ஏற்கிறது. பக்கத்து மரத்தின் நிழலை அந்த வரிசையில் வைக்கவில்லை. எனக்கு இது வருத்தம் தரும் உண்மை. ஆனால் தெரிந்துகொண்டு பேசப் போனால்தான் பேச்சு பயன்படும்.

உரிமை இல்லாத இடத்தில் முகம்தான் வேலை செய்யும். ஆள் வரும் முன்பே போய், "அண்ணா, மரத்தை எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கம் கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள், கூடமாட ஒத்தாசைக்கு நானும் நிற்கிறேன்" என்று தொடங்குங்கள். கேட்க வேண்டியவை இவை.

மரத்தை அடியில் அறுத்து ஒரேயடியாகச் சாய்க்கக் கூடாது. நுனியிலிருந்து துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கூலி கூடும், அந்தக் கூடுதலில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உடைந்த சிமென்ட் ஷீட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் மாற்றும் செலவோடு பார்த்தால் அது சிறிய தொகை. மின்கம்பி அருகில் ஓடினால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள், மேலே ஏறுபவர் ஒரு குடும்பத்தின் சோறு.

அடுத்தது தூர், அதாவது மரத்தை அறுத்த பின் மண்ணில் நிற்கும் அடிக்கட்டை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மரம் பத்திரமாக இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது, மறுநாள் ஜேசிபி வந்து வேரோடு பிடுங்கும். பெரிய மரத்தின் வேர் காம்பவுண்ட் சுவரின் கடைக்காலுக்குக் கீழே போயிருக்கும். இழுக்கும் இழுப்பில் கல்கட்டு அசையும், மாநகராட்சிக் குடிநீர்க் குழாய் நெளியும், கழிவுநீர்த் தொட்டியின் விளிம்பு விண்டு போகும். வேர் எவ்வளவு தூரம் முக்கியம் என்பதற்கு மரவியலில் ஒரு கணக்கு உண்டு: நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் தூரம். ஒரு நூலைச் சுற்றி அளந்து 157 செ.மீ. வந்தால் குறுக்களவு 50 செ.மீ.; சுற்றிலும் 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய இருபது அடி. முப்பதடி மனையில் அது உங்கள் வரவேற்பறைக்குக் கீழே வந்துவிடும். ஆகவே சுவரோரம் இருக்கும் தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடச் சொல்லுங்கள்.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. செத்த வேர் கரையானுக்குத் தீனி. சேலத்துச் செம்மண்ணில் கரையான் புற்று எப்படி எழும் என்பது இங்கே வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். மழைக்குப் பிறகு சுவரின் அடியில் மண்கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மரக்கதவும் நிலையும் அந்தப் பக்கம் இருந்தால் கரையான் மருந்துச் செலவையும் பேச்சில் சேர்த்துவிடுவது நல்லது.

மண் கரிசலாக இருந்தால் இன்னொரு கவலை. மரம் நாள்தோறும் உறிஞ்சிய ஈரம் இனி மண்ணிலேயே தங்கும், களிமண் உப்பும், சுவர் மேலே தள்ளப்பட்டு விரியும். செம்மண்ணில் இந்தத் தொல்லை வெகு குறைவு. எப்படியானாலும், வெட்டும் முன் இருக்கும் விரிசல்களைத் தேதி தெரியப் படம் எடுத்துவையுங்கள். பொறியாளர்கள் செய்யும் ஒரு சின்ன வேலையையும் செய்யலாம்: விரிசலின் குறுக்கே விரல் அகலத்துக்குச் சிமென்ட் பூசி, காய்வதற்குள் அதில் தேதியைக் கீறிவிடுங்கள். விரிசல் நகர்ந்தால் அந்தப் பூச்சு உடைந்து காட்டிக்கொடுக்கும். வாய்த்தகராறுக்கு இடமிருக்காது.

பேசியதை ஒரு தாளில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நல்ல உறவு இருக்கும்போது எழுதுவதுதான் எளிது.

## இரண்டு: வெட்டாமல் கவாத்துச் செய்வது

அவருக்கு உண்மையில் மரத்தின் மேல் கோபம் இருக்காது. உதிரும் சருகு, அடைபடும் மழைநீர்க் குழாய், காரின் மேல் பறவை எச்சம், காற்றடிக்கும்போது வரும் பயம் ஆகியவையே காரணமாக இருக்கும். எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பல மரங்கள் பிழைக்கும். சருகுதான் தொல்லை என்றால் கூட்டும் ஆளுக்கு மாதச் சம்பளத்தில் பங்கு. பயம்தான் என்றால் சித்திரை, வைகாசிக் கோடை மழையின் சுழற்காற்றுக்கு முன்பே கவாத்து.

ஆனால் கவாத்து என்ற பெயரில் இங்கே பெரும்பாலும் நடப்பது மொட்டையடிப்பு. தலையை வெட்டிய மரம் பிழைக்கும் ஆவேசத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். அந்தக் கிளைகள் பட்டையோரத்திலிருந்து வருவதால் பிடிமானம் குறைவு. வெட்டுவாயில் நீர் இறங்கி உள்ளே அழுகும். நான்கைந்து ஆண்டுகளில் முன்பைவிட ஆபத்தான மரம் நிற்கும்; அப்போது அவர் வெட்டச் சொல்வதை மறுக்க உங்களுக்கும் வாய் வராது. ஓர் ஆண்டில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்காமல், காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசுவதையும் வீட்டை நோக்கிச் சாய்ந்ததையும் மட்டும், கிளை பிரியும் கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழல் மரம் ஏறிப் பழகிய ஆட்களுக்கு இந்தக் கை உண்டு. நகரத்து விறகு வியாபாரியிடம் விட்டால் அவர் கண் எடையின் மேல்தான் இருக்கும். வெட்டிய விறகே கூலி என்று பேசிவிடாதீர்கள். விறகுக்காக வெட்டுபவர் எங்கே நிறுத்துவார்?

உங்கள் எல்லைக்குள் வந்த கிளையை உங்கள் பக்கம் நின்று எல்லை வரை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் அவருடையவை. வேரை அப்படி வெட்டத் துணியாதீர்கள். ஒரு பக்க வேரை அறுத்த மரம் அடுத்த காற்றில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

மரம் நலமாக இருந்து, நீங்கள் இருவரும் இன்னும் பத்து ஆண்டுகளாவது அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். மேற்கு வெயில் அடிக்கும் சுவரை மறைத்து நின்ற வேம்பு போனால், சேலத்துப் பங்குனி, சித்திரையில் அந்த அறை இரவு பத்து மணிக்கும் அனல் கக்கும். ஏ.சி. வாங்கும் செலவையும் மின்கட்டணத்தையும் கவாத்துக் கூலியோடு ஒப்பிட்டால் கணக்கு தானே புரியும். இந்தக் கணக்கு அவர் வீட்டுக்கும் பொருந்தும், அதை அவரிடமே சொல்லுங்கள்.

## மூன்று: அதிகாரிகளிடம் மனு

மூன்று சூழல்களில் இது முதல் வழி. மற்ற நேரங்களில் கடைசி வழி.

முதலாவது, பொது இடத்து மரம். மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் வருவாய்த் துறையிலும் எழுத்தில் கொடுங்கள். அரசு நிலத்து மரங்களை வெட்டுவது குறித்து முடிவெடுக்க மாவட்ட அளவில் பசுமைக் குழு இருக்கிறது. தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும். ஒப்புகை முத்திரை வாங்கிய நகல் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, கூடு. கொக்கு, நாரை போன்றவை கூடுகட்டியிருக்கும் மரம் என்றால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லலாம். மரம் நிரந்தரமாகப் பிழைக்காவிட்டாலும் குஞ்சுகள் பறக்கும் வரை காலம் கிடைக்கும். அந்த இடைவெளியில் பேச்சும் நடக்கும்.

மூன்றாவது, மலை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மரம் தனியாருடையதாக இருந்தாலும், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கான குழுவின் முன் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. ஏற்காட்டில் விடுதி கட்ட மனை வாங்கும் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே எல்லையோர சில்வர் ஓக்கிலோ பலாவிலோ ரம்பம் வைக்கப் போகிறார்கள் என்றால், "அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இல்லை என்றால் வனச்சரக அலுவலகத்துக்கும் வட்டாட்சியருக்கும் அன்றைக்கே மனு. அனுமதி கேட்டு மனுச் செய்திருக்கிறார் என்றால், உங்கள் ஆட்சேபத்தையும் அதே இடத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? சரிவில் வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. மரத்தை வெட்டிய அன்று ஒன்றும் நடக்காது, அடுத்த மழையிலும் நடக்காமல் போகலாம். வேர் மக்கி வலுவிழக்கும் சில ஆண்டுகளுக்குப் பின்புதான் ஆபத்து உச்சத்துக்கு வரும். அதற்குள் வெட்டியவர் இடத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் செம்மண் நீரைக் குடித்தால் எப்படி நகரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மேல்பக்கத்து மரம் போனால் அவர் நிலம் உங்கள் முற்றத்துக்கு வரும். கீழ்ப்பக்கத்து மரம் போனால் உங்கள் நிலம் அவரிடம் போகும். இரண்டாவதில் நீங்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் மரத்தை எடுத்த கையோடு ஜேசிபியால் சரிவை வெட்டித் தளமாக்குவதுதான் அவர் திட்டமாக இருக்கும்.

தோட்டக்காரர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அராபிகா காப்பிக்கு நிழல் திடீரென விலகினால் இலை கருகுவதோடு போகாது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில்படும் செடியைத்தான் தேடி வரும். அந்த வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கிறது. எல்லையோர நிழல் போன வரிசையில் தண்டைச் சுற்றி மேடு மேடாகத் தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துளைப்பான் புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அனுமதி கிடைத்தே வெட்டுவதாக இருந்தாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த மாதங்களில் வெட்டவும், தூரையும் வேரையும் தோண்டாமல் விடவும், வடகிழக்குப் பருவமழைக்குள் அந்த இடத்தில் வேறு கன்று நடவும் கேளுங்கள். வேம்பு, புங்கை போன்றவற்றைத் தூரிலிருந்து துளிர்க்க விட்டால் வேர் உயிரோடு இருந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான நிலைக்கும் ஒரு வழி இருக்கிறது. விழப்போகும் மரத்தை அவர் வெட்டாமல் காலம் கடத்தினால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-இன் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 133-ஆக இருந்ததுதான் இது.

## நான்கு: சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் நீதிமன்றமும்

நீதிமன்றத்துக்குப் போகும் முன் சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசம் கேட்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒப்பந்தம் ஆகி மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அதற்குத் தீர்ப்பாணையின் பலம் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். குறை ஒன்றுதான்: அவர் வராவிட்டால் பேச்சே நடக்காது, அதற்குள் மரம் போய்விடலாம்.

உரிமையியல் வழக்கு இரண்டு இடங்களில்தான் தகும் என்பது என் எண்ணம். ஒன்று, அடிமரம் எல்லைக்கோட்டில் நிற்பதாக அளவையில் தெரிந்த பின்பும் அவர் கேட்காதபோது. மற்றொன்று, மரத்தோடு மண்ணும் வெட்டப்பட்டு உங்கள் நிலம் பிடிப்பை இழக்கும்போது. ஒரு நிலம் தன் இயல்பான நிலையில் பக்கத்து நிலத்திடமிருந்து பெறும் தாங்குதல் அதன் உடைமையாளருக்கு இயற்கையான உரிமை என்று வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடத்தின் பாரத்துக்கும் சேர்த்துத் தாங்குதல் கேட்க வேண்டுமானால் இருபது ஆண்டு அனுபவம் வேண்டும். மலையில் புதிதாக வீடு கட்டியவர்கள் இந்த வேறுபாட்டை வழக்கறிஞரிடம் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

வழக்குப் போட்டால், வெட்டுவதைத் தடுக்கும் தற்காலிக உறுத்துக்கட்டளையோடு, இடத்தைப் பார்த்து அளந்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் சேர்த்தே மனுச் செய்யச் சொல்லுங்கள். மரம் பிறகு காணாமல் போனாலும் அந்த அறிக்கை இருக்கும். நிழலும் அழகும்தான் உங்கள் இழப்பு என்றால் வழக்கு வேண்டாம். வக்கீல் கட்டணமும் வாய்தாவும் தின்னும் பணத்தில், உங்கள் மனையிலேயே நன்கு வளர்ந்த கன்றுகளை நட்டு, கூரைக்கு வெப்பம் தாங்கும் ஓடும் பதித்துவிடலாம்.

## ரம்பம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்

முதலில் குழந்தைகளையும் வண்டியையும் அந்தப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். மரத்தின் கீழ் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். மேலே ஏறியிருப்பவர் கீழே சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதே விபத்துக்குப் போதும். அடிமரம், எல்லைக்கல், சுவர் மூன்றும் ஒரே சட்டத்தில் வரும்படி படம் எடுங்கள். மலையில் என்றால் வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசி, பின்னாலேயே எழுத்தில் மனு. அடிதடியாகும் நிலை வந்தால் 112.

தூரைப் பிடுங்காமல் இருக்கும்படி அன்று மாலையே அவரிடம் கேட்டுவிடுங்கள். எல்லையில் நின்ற மரமா என்ற தகராறு இருந்தால் அந்தத் தூர்தான் உங்கள் சாட்சி. சர்வேயர் வந்து அளக்கும் வரை அது அங்கேயே இருக்க வேண்டும். உங்கள் நிலத்துக்குள் அத்துமீறி வெட்டியதற்கு இழப்பீடு கேட்க 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டுகள் தருகிறது. மாற்றிய கூரை, கட்டிய சுவர் ஆகியவற்றின் ரசீதுகளையும் தேதியிட்ட படங்களையும் அதுவரை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.